அறுந்த இழையும் இணைக்கும் கையும்

இராசபாளையத்து நூற்பாலை ஒன்றினுள் நான் முதன்முதலாகக் கால் வைத்தபோது பள்ளி மாணவன். பஞ்சுத் துகள் பறக்கும் நீண்ட கூடத்தில் ஆயிரக்கணக்கான கதிர்கள் சுழன்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு கதிரின் மேலும் ஓர் இழை ஏறிக்கொண்டிருந்தது. இடையிடையே ஏதேனும் ஓர் இழை அறும். இயந்திரத்தின் பக்கமாக நடந்துகொண்டேயிருந்த பெண்மணி ஒருவர், அறுந்த முனையைக் கண்ட மாத்திரத்தில் அதைப் பற்றி விரலால் ஒரு முறுக்குக் கொடுத்து இணைத்துவிட்டு அடுத்த கதிருக்குச் செல்வார். 'ஐயா, ஒரு மணி நேரத்தில் எத்தனை இழை அறும்?' என்று அங்கிருந்த மேஸ்திரியிடம் கேட்டேன். 'நீயே எண்ணிச் சொல், தம்பி' என்றார். அறுந்து தொங்கிய முனைகளை எண்ணி, நான்கு என்றேன். அவர் சிரித்தார். 'இப்போது அறுந்து கிடப்பவை நான்கு. இதுவரை அறுந்தவை எத்தனையோ! அந்த அம்மா ஓயாமல் இணைத்துக்கொண்டு வருகிறாரே, அவற்றை நீ எண்ணவில்லையே. உண்மைக் கணக்கு வேண்டுமானால் அவரைச் சிறிது நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்ல வேண்டும்.'

பல ஆண்டுகள் கழிந்தபின், உயிரியலில் ஓர் ஆராய்ச்சி வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த மேஸ்திரியின் விடையை மீண்டும் சந்தித்தேன். எக்ஸ் கதிர்கள் உயிரணுவினுள் உள்ள குரோமோசோம்களை முறிக்கின்றன. முறிந்தவற்றை உயிரணு தானே இணைத்துக்கொள்கிறது. எத்தனை முறிந்தன, எவ்வாறு இணைந்தன என்று அறிய விரும்பிய விஞ்ஞானிகள், இணைக்கும் கையைக் கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். அக்கையின் பெயர் நொதி. என்சைம் என்றும் சொல்வோம். கட்டும் கயிற்றின் பெயர் தடைப்பொருள். இவ்வரலாற்றையே இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல நினைக்கிறேன்.

தமிழில் கதிர் என்னும் ஒரே சொல் ஆலையில் சுழலும் கதிருக்கும், வயலில் விளையும் கதிருக்கும், ஒளியின் கதிருக்கும் பொதுவாக வழங்குகிறது. எங்கள் பகுதியில் இம்மூன்றும் ஓரிடத்தில் கூடியதுண்டு. இராசபாளையத்தில் 1936-ஆம் ஆண்டு பி. ஏ. சி. இராமசாமி ராஜா நூற்பாலையை நிறுவினார். அடுத்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் பருத்தி ரகங்களின் பெயரில் ஊரின் பெயரே ஒளிந்திருப்பதை உழவர்கள் அறிவார்கள். பருத்தியின் தன்மையைக் கதிர்வீச்சினால் மாற்றும் முயற்சியும் தமிழ்நாட்டில் நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் வெளியிடப்பட்ட எம்.சி.யு. 7 என்னும் குறுகிய காலப் பருத்தி, விதைக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பெற்ற மாற்றத்திலிருந்து தோன்றியது. நெல் அறுத்த தரிசில் விதைப்பதற்கு ஏற்றதாக அது கருதப்பட்டது.

இத்தகைய முயற்சிகளுக்கு வித்திட்டவர் அமெரிக்கரான ஹெர்மன் முல்லர். பழ ஈக்களுக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சினால் அவற்றின் சந்ததியில் பரம்பரை மாற்றங்கள் பன்மடங்கு பெருகுவதை அவர் 1927-இல் அறிவித்தார். மறு ஆண்டே லூயிஸ் ஸ்டாட்லர் பார்லியில் அதைக் காட்டினார். செய்தி நம் நாட்டிற்கு வரத் தாமதமாகவில்லை. 1930-களில் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கே. இராமையாவும் அவருடைய உடன் பணியாளர்களும் நெல்லுக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சி, தோன்றிய மாற்றங்களை ஆராய்ந்தார்கள். இராமையா 1892-இல் கீழக்கரையில் பிறந்தவர். 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது அவருடைய ஊரும் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒரே மாவட்டத்தினுள் வந்தன. 1985 வரை அப்படியே இருந்தன. ஆதலால் அவரை எங்கள் மாவட்டத்தார் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு.

கதிரை ஒரு துப்பாக்கிக் குண்டாகவும் குரோமோசோமை ஓர் இலக்காகவும் அக்காலத்தில் பலர் எண்ணினார்கள். குண்டு பட்டால் முறிவு. முறிவு ஏற்பட்டால் மாற்றம். அத்துடன் கதை முடிந்தது. இந்த எண்ணத்தை முதலில் அசைத்தவர்களுள் ஒருவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் சாக்ஸ். டிரடெஸ்கான்ஷியா என்னும் செடியின் மகரந்த உயிரணுக்களில் 1930-களின் இறுதியில் அவர் செய்த சோதனைகள் புகழ் பெற்றவை. ஒரே அளவான எக்ஸ் கதிரை ஒரேயடியாகப் பாய்ச்சினால் உருக்குலைந்த குரோமோசோம்கள் மிகுதியாகக் காணப்பட்டன. அதே அளவை இடைவெளி விட்டுப் பிரித்துப் பாய்ச்சினால் அவை குறைந்தன. குண்டுதான் எல்லாம் என்றால் இரண்டும் சமமாக இருக்க வேண்டுமே! இடைவெளியில் ஏதோ நடக்கிறது. முறிந்த முனைகள் பழையபடி இணைந்துவிடுகின்றன என்று சாக்ஸ் உணர்ந்தார்.

இதை ஆலையை வைத்தே விளக்குகிறேன். அடுத்தடுத்த இரு கதிர்களில் ஒரே சமயத்தில் இழை அறுந்தால், அவசரத்தில் ஒன்றின் முனையை மற்றொன்றின் முனையோடு முடிந்துவிடக்கூடும். ஒன்று அறுந்து இணைக்கப்பட்ட பின்னரே மற்றொன்று அறுமானால் அத்தவறு நேராது. உயிரணுவிலும் அவ்வாறே. இரண்டு குரோமோசோம்கள் ஒரே சமயத்தில் முறிந்து கிடந்தால், ஒன்றின் துண்டு மற்றொன்றோடு மாறி ஒட்டிக்கொள்ளும். குரோமோசோம் ஒவ்வொன்றிற்கும் சென்ட்ரோமியர் என்னும் இடுப்பு ஒன்று உண்டு. மாறி ஒட்டியதில் சில வேளைகளில் இரண்டு இடுப்புகளை உடைய விகாரமான குரோமோசோம் தோன்றும். உயிரணு பிரியும்போது இரு பக்கமும் இழுபட்டு அது அல்லற்படும்.

இணைவது தானாக நிகழ்வதா, உயிரணு உழைத்துச் செய்வதா என்பது அடுத்த கேள்வி. இவ்விடத்தில்தான் தடைப்பொருள் அரங்கேறுகிறது. 1955-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக் கூடத்தில் ஷெல்டன் உல்ஃப், லுயிப்போல்டு என்ற இருவர், வட இந்தியாவில் பாக்லா என்று வழங்கும் அவரையினத்தைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். கதிரை இரண்டு தவணையாகப் பாய்ச்சினார்கள். இரண்டு தவணைகளுக்கும் நடுவே, உயிரணு சுவாசித்துச் சக்தி பெறும் வழியை அடைத்தார்கள்; கடுங்குளிரிலும் வைத்துப் பார்த்தார்கள். வழியை அடைத்தபோது முதல் தவணையில் முறிந்த முனைகள் இணையாமல் திறந்தபடியே காத்திருந்தன. இரண்டாம் தவணையின் முனைகளோடு அவை கலந்து மாறி ஒட்டின. அடைக்காதபோது அவ்வாறு நேரவில்லை. முறிவை இணைக்க உயிரணு சக்தியைச் செலவிடுகிறது என்பது இதனால் விளங்கிற்று. பசித்திருக்கும் தொழிலாளியால் இழையை முடிய இயலாது என்பது போன்ற செய்திதான். ஆயினும் அதைச் சோதனையால் காட்டியது பெரிய காரியம். நான் இவ்வரலாற்றில் மிகவும் வியப்பது இந்த ஒரு சோதனையையே. நுட்பமான கருவி ஒன்றும் அதில் இல்லை. விதை, கதிர், கடிகாரம், ஒரு நல்ல கேள்வி, அவ்வளவே.

உழைக்கும் கை எது என்று அப்போது தெரியாது. டி.என்.ஏ. இரட்டை முறுக்கிழை என்று வாட்சனும் கிரிக்கும் சொல்லி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1962-இல் ஹெர்பர்ட் டெய்லரும் துணைவர்களும், டி.என்.ஏ.வுக்கு வேண்டிய தைமிடின் என்னும் மூலப்பொருளை உயிரணு ஆக்கவொட்டாமல் ஒரு நொதியைத் தடுத்தார்கள். கதிர் ஒன்றும் பாய்ச்சாமலேயே குரோமோசோம்கள் முறிந்தன. 1964-இல், புற ஊதாக் கதிரால் கெட்டுப்போன டி.என்.ஏ. பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய இழையை இட்டு நிரப்பும் நொதிகள் பாக்டீரியாவில் இருப்பதை இரு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே கண்டன. அதன்பின் செப்பனிடும் நொதிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று.

இதற்கிடையில் மனித உயிரணுவைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து ஆராயும் கலை முன்னேறியது. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்பதே 1956-இல்தான் உறுதிப்பட்டது. 1960-இல் பீட்டர் நோவல் என்பவர், இராஜ்மா போன்ற பயற்றின் சாறு, உறங்கிக் கிடக்கும் இரத்த வெள்ளணுக்களைப் பிரியத் தூண்டும் என்று கண்டார். பிரியத் தொடங்கிய உயிரணுவை, குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும் கட்டத்தில் நிறுத்தி வைக்கக் கால்ச்சிசின் என்னும் பொருள் உதவுகிறது. சங்கப் புலவர்கள் பாடிய காந்தள் மலரை நீங்கள் அறிவீர்கள். செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நஞ்சு இந்தக் கால்ச்சிசினே. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அதைப் பயிரிடுகிறார்கள். ஆக, சில துளி இரத்தம், பயற்றுச் சாறு, காந்தள் நஞ்சு, நல்ல நுண்பெருக்கி ஆகியவை இருந்தால், ஒருவர் உடலில் பாய்ந்த கதிர் செய்த வேலையைக் கண்ணால் பார்த்து எண்ணலாம் என்ற நிலை வந்தது.

இக்கட்டத்தில் நம்மவர் ஒருவர் முன்னணிக்கு வருகிறார். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் புதுடில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் கதிர்வீச்சு மரபியலை வளர்த்தார். கதிர் பாய்ச்சிய உருளைக்கிழங்குக் கூழில் பார்லிக் கருவை வளர்த்து, அதன் உயிரணுக்களில் தோன்றிய மாறுபாடுகளை அவரும் சோப்ரா, பாஸ்கரன் ஆகியோரும் 1962-இல் வெளியிட்டார்கள். கதிர் பாய்ச்சிய உணவைப் பற்றி உலகமே கவலையோடு விவாதித்த காலம் அது. டில்லியில் அவரோடு பணியாற்றியவர்களுள் ஏ. டி. நடராஜன் ஒருவர். அவர் பின்னர் ஸ்வீடனில் பணிபுரிந்து, இறுதியில் நெதர்லாந்தில் லெய்டன் பல்கலைக்கழகத்தில் கதிர்வீச்சு மரபியலுக்குத் தலைவரானார், 2017-இல் மறைந்தார். பயிர்களில் தொடங்கி மனித உயிரணு வரை நடந்த நீண்ட பயணம் அவருடையது.

நடராஜன் எடுத்துக்கொண்ட கேள்வி இது: கதிர் டி.என்.ஏ.வைப் பல விதமாகக் கெடுக்கிறது. இரண்டு புரிகளில் ஒன்று மட்டும் அறுவதுண்டு. இரண்டும் ஒரே இடத்தில் அறுவதுண்டு. அறாமலே உருக்கெடுவதும் உண்டு. இவற்றுள் குரோமோசோமை உருக்குலைப்பது எது? 1978-இல் அவரும் ஜெர்மானியரான குந்தர் ஓபேயும் ஒரு தந்திரம் செய்தார்கள். நியூரோஸ்போரா என்னும் பூஞ்சையில் ஒரு நொதி உண்டு. ஒற்றைப் புரியாக வெறுமையாய்க் கிடக்கும் டி.என்.ஏ.வை மட்டுமே அது வெட்டும். அதை, சீன ஹாம்ஸ்டர் என்னும் எலியினச் சிற்றுயிரின் வளர்ப்பு உயிரணுக்களுக்குள், வீரியம் அழிக்கப்பட்ட வைரஸ் ஒன்றின் துணையால் புகுத்தினார்கள். ஒரு புரி மட்டும் அறுந்திருந்த இடத்தில் எதிரிலிருந்த புரியையும் நொதி வெட்டிவிடும். ஒற்றை முறிவு இரட்டை முறிவாகும். எக்ஸ் கதிர் பட்ட உயிரணுக்களில் இவ்வாறு செய்தபோது விகாரமான குரோமோசோம்கள் கணிசமாகப் பெருகின. இரட்டை முறிவே மூல காரணம் என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. இங்கே இணைக்கும் கையைத் தடுக்கவில்லை, வெட்டும் கையைக் கூட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

1980-இல் ஜூலியன் பிரெஸ்டன் மேஸ்திரி சொன்னதையே செய்தார். டி.என்.ஏ.வை நெய்யும் பாலிமரேஸ் நொதியைத் தடுக்கும் சைட்டோசின் அராபினோசைடு என்ற பொருளை, எக்ஸ் கதிர் பட்ட மனித வெள்ளணுக்களோடு சில மணி நேரம் சேர்த்து வைத்தார். இடுப்பு இரண்டுடைய குரோமோசோம்கள் மிகவும் பெருகிவிட்டன. வழக்கமாக நம் கண்ணுக்குத் தெரிபவை, கதிர் செய்த சேதத்தில் மிஞ்சியவை மட்டுமே. பெரும்பகுதி நாம் பார்க்கும் முன்னரே செப்பனிடப்பட்டுவிடுகிறது. நான் அன்று எண்ணிய நான்கு முனைகளைப் போல!

1982-இல் நடராஜனும், இத்தாலியரான பல்லிட்டி முதலியோரும் செப்பனிடும் நொதிகளைத் தடுத்தால் குரோமோசோம் மாறுபாடுகளுக்கு என்ன ஆகிறது என்பதையே பொருளாக வைத்து விரிவாக எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த நொதிகளுள் ஒன்று பார்ப் எனப்படுவது. டி.என்.ஏ. முறிந்த இடத்திற்கு ஓடிவந்து அமர்ந்து, ஏனைய செப்பனிடும் நொதிகளை அழைப்பது அதன் தொழில். அது உண்டாக்கும் சங்கிலிப் பொருளை 1963-இல் பிரான்சில் ஷாம்போன் முதலியோர் கண்டிருந்தார்கள். 3-அமினோபென்சமைடு என்ற எளிய இரசாயனம் அந்நொதியைத் தடுக்கும் என்பது 1980-ஆம் ஆண்டளவில் தெரிந்ததும், உலகெங்கும் ஆராய்ச்சிக் கூடங்கள் அதை வாங்கிக் குவித்தன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தடைப்பொருள் நாம் விரும்பிய ஒரு நொதியை மட்டுமே தொடும் என்று நம்புவது பெரும் பிழை. 3-அமினோபென்சமைடு உயிரணுவின் வேறு சில இயக்கங்களையும் பாதிக்கிறது என்று 1984-இல் மைலமும் கிளீவரும் காட்டினார்கள். இழை இணைப்பவரின் கையைக் கட்டப் போய், ஆலைக்கு வரும் மின்சாரத்தையே குறைத்துவிட்டால், எண்ணிக்கையை எதற்குக் கணக்கு வைப்பது? இக்காலத்துக் கட்டுரைகள் சிலவற்றைப் படிக்கும்போது, முடிவு சொல்ல அவசரப்பட்டுவிட்டார்களோ என்ற ஐயம் எனக்கு எழுவதுண்டு. பல தடைப்பொருள்களைக் கொண்டு ஒரே விடை கிடைத்தால்தான் நம்பலாம்.

அதே 1984-ஆம் ஆண்டில் மற்றொரு வியப்பு. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவரைவிதையோடு நின்ற ஷெல்டன் உல்ஃப் மீண்டும் வருகிறார். மனித வெள்ளணுக்களுக்கு முதலில் மிகச் சிறிய அளவு கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டுப் பின்னர்ப் பெரிய அளவைக் கொடுத்தால், எதிர்பார்த்ததைவிடக் குறைவான சேதமே தோன்றியது. சிறு அதிர்ச்சி செப்பனிடும் படையை விழிக்கச் செய்துவிட்டதோ? அப்படியானால் தடைப்பொருள் இட்டால் அந்தப் பயன் மறைய வேண்டும். 1986-இல் இட்டுப் பார்த்தார்கள், மறைந்தது. இதைக் கேட்டுவிட்டுச் சிறிது கதிர்வீச்சு உடலுக்கு நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். எல்லாருடைய இரத்தத்திலும் அவ்விளைவு ஒரே விதமாகத் தோன்றுவதில்லை. நமக்குத் தெற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் கலந்த மணல் மேல் தலைமுறைகளாக மக்கள் வாழ்கிறார்கள். அதை ஒத்த மணலுடைய கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டு நடத்திய ஆய்வில், புற்றுநோய் மிகுந்ததாகத் தெரியவில்லை என்று 2009-இல் எழுதினார்கள். ஆயினும் எக்ஸ் கதிர்க் கூடத்தில் பணிபுரிவோருக்கு உரிய பாதுகாப்பு விதிகளை இதனால் ஒருவரும் தளர்த்திவிடவில்லை, தளர்த்தவும் கூடாது.

எண்ணிக்கையின் அருமை 1987 செப்டம்பரில் பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில் வெளிப்பட்டது. கைவிடப்பட்ட மருத்துவமனை ஒன்றிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட சீசியம் கருவியைப் பழைய இரும்புக் கடையில் உடைத்தார்கள். இருளில் ஒளிர்ந்த நீலப் பொடியைச் சிறுவர் சிறுமியர் கையில் பூசி விளையாடினார்கள். நால்வர் இறந்தனர், 249 பேர்மீது கதிரியக்கப் பொருள் படிந்திருந்தது. யார் எவ்வளவு கதிர் பெற்றார் என்று சொல்ல அளவுகோல் எதுவும் அவர்களிடம் இல்லை. பிரேசில் நாட்டு ஆட்ரியானா இராமால்யோவும், அவரோடு சேர்ந்து நடராஜனும் அம்மக்களின் இரத்தத்தில் உருக்குலைந்த குரோமோசோம்களை எண்ணி அளவைக் கணித்தார்கள். எண்ணப்படுபவை செப்பனிட்டபின் மிஞ்சியவை என்பதைப் பல ஆண்டுத் தடைப்பொருள் சோதனைகள் முன்னரே கற்பித்திருந்தன.

கயிறு மருந்தான கதை இனி. 2005-ஆம் ஆண்டு இலண்டனிலும் ஷெஃபீல்டிலும் இரு குழுக்கள் ஒரே சமயத்தில் ஓர் உண்மையை வெளியிட்டன. மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதற்குப் பி.ஆர்.சி.ஏ. ஜீன்களின் குறை காரணம். அக்குறையால் நோயணுக்கள் இரட்டை முறிவைச் சரியாக இணைக்கும் ஒரு கையை ஏற்கெனவே இழந்திருக்கின்றன. பார்ப் நொதியையும் தடுத்துவிட்டால் அவற்றுக்கு மற்றொரு கையும் கட்டப்படுகிறது, அவை மடிகின்றன. உடலின் நல்ல அணுக்களுக்கு ஒரு கையேனும் மிஞ்சுவதால் அவை பெரும்பாலும் பிழைக்கின்றன. இந்த அடிப்படையில் உருவான ஓலாபாரிப் என்னும் மருந்து 2014-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. ஆராய்ச்சிக் கூடத்தில் எண்ணுவதற்காகக் கட்டிய கயிறு, நோயாளியின் படுக்கை வரை வந்துவிட்டது.

கதிர்ச் சிகிச்சை பெறும் நோயாளிக்கு இத்தகைய தடைப்பொருளையும் உடன் கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் பல நாடுகளில் நடந்து வருகின்றன. கட்டியின் உயிரணு கதிரால் முறிந்தபின் இணையாமற்போக வேண்டும் என்பதே நோக்கம். கதிர் செல்லும் வழியில் உள்ள தோலுக்கும் குடலுக்கும் எலும்பு மச்சைக்கும் இணைக்கும் கை தேவைப்படுகிறதே என்பதுதான் மருத்துவர்களின் கவலை. ஆதலால் எவ்வளவு கதிர், எவ்வளவு மருந்து, இரண்டிற்கும் இடையே எத்தனை மணி நேரம் என்று அவர்கள் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1955-இல் அவரைவிதையின் முன் நின்று கடிகாரத்தைப் பார்த்த இருவரும் அந்தக் கணக்கைத்தான் போட்டார்கள்.